ழான் தெரோவன் நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டது

1850 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. தொழிலாளர் சங்கங்களை ஒன்றுசேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் அரசுக்கு எதிராக ரகசிய அமைப்பு நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. அந்தப் பெண்களில் ஒருவர் ழான் தெரோவன். அப்போது வயது 44. பள்ளி ஆசிரியை, பத்திரிகை நடத்தியவர், அதற்கெல்லாம் முன்னால் தையல் வேலை செய்து பிழைத்தவர்.

அவர் நீதிமன்றத்தில் ஆட்சேபத்தோடுதான் பேசினார். ஆண்கள் மட்டும் கூடி இயற்றிய சட்டங்களை வைத்து என்னை விசாரிக்கிறீர்கள், அந்தச் சட்டங்களை இயற்றியதில் எனக்குப் பங்கே இல்லை என்றார். திருமணமானவர் ஏன் கணவர் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை என்ற கேள்வியும் வந்தது. நான் செய்கிற காரியங்களுக்கு அவர் பொறுப்பாளி ஆகக்கூடாது என்று பதில் சொன்னார்.

இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர் ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழக்குக்குக் காரணமான அந்த ஒன்றியத்தின் திட்டத்தை யோசித்து எழுதியவர் அவர்தான். அவருடைய சொந்தப் பத்திரிகையில்தான் அது அச்சாகி வந்தது. அவருக்காக அந்த வார்த்தையைப் பேச யாரும் முன்வரவில்லை, அவரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் எதிரிகள் அல்ல, உடன் நின்ற தோழர்கள். பெண்ணுரிமை பேசுகிற ஒருத்தி போட்ட திட்டம் இது என்று தெரிந்தால் வழக்கு கெட்டுவிடும், சங்கங்களுக்கும் கெட்ட பெயர் வரும் என்று பயந்தார்கள். சங்கத்தின் பெயரால் கெஞ்சிக் கேட்டார்கள். அவர் ஒத்துக்கொண்டார்.

தெரோவனைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வரியில் வருவது, 1849இல் பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முன்வந்த முதல் பெண் என்பது. அது பெரிய விஷயம்தான், கீழே அதையும் சொல்கிறேன். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த நீதிமன்ற மௌனம். நானும் ஆசிரியர் தொழிலில் இருப்பவள். பெண்கள் எழுதிக் கொடுத்ததை ஆண்கள் மேடையில் வாசிப்பதைப் பார்த்துப் பழகியவள். அதனால் இவருடைய கதையை அந்தப் பக்கத்திலிருந்தே சொல்ல விரும்புகிறேன்.

*

தெரோவன் பிறந்தது 1805 டிசம்பர் 31ஆம் தேதி, பாரிஸில். ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே உள்ளாடை, படுக்கை விரிப்பு மாதிரியான துணிகளைத் தைக்கிற வேலைக்குப் போனார். ஒழுங்கான பள்ளிப்படிப்பு இல்லை. படித்ததெல்லாம் தானே தேடிப் படித்ததுதான்.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது பிரான்ஸில் நடப்பிலிருந்தது 1804இல் நெப்போலியன் கொண்டுவந்த குடிமைச் சட்டம். அதன் 213ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்கிறது. பதிவுத் திருமணத்தின்போது அதிகாரி இதை மணமக்கள் முன்னால் வாசித்துக் காட்டுவார். கணவன் அனுமதி இல்லாமல் மனைவி ஒப்பந்தம் போட முடியாது. அவள் சம்பாதிக்கிற கூலி சட்டப்படி அவள் கைக்கு வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விவாகரத்தும் 1816இல் ரத்தாகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் 1830களின் தொடக்கத்தில் சேன் சிமோன் என்ற சிந்தனையாளரின் பெயரில் இயங்கிய குழுவினர் பாரிஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். உழைப்பவர்களின் சமுதாயம், ஆண் பெண் சமத்துவம், சண்டையில்லாத மாற்றம் என்றெல்லாம் அவர்கள் பேசியது தையல்காரிகளையும் சலவைக்காரிகளையும் இழுத்தது. தெரோவனும் போனார். குழுவில் சேருகிறவர்கள் தங்கள் நம்பிக்கையை எழுதித் தர வேண்டும். தெரோவன் எழுதியது பல பக்கங்களுக்கு நீண்டது. பெண் அடிமையாக இருப்பதைப் பற்றியும், திருமணம் பற்றியும், குழுவின் தலைவர்களிடம் தனக்குள்ள சந்தேகங்களைப் பற்றியும் அதில் எழுதினார். சேருவதற்கான விண்ணப்பத்திலேயே விமர்சனத்தையும் வைக்கிற அந்தக் குணம் கடைசி வரை அவரிடம் இருந்தது.

அந்தக் குழுவின் தலைவரான ஆன்ஃபான்தேன், சமத்துவம் பேசிக்கொண்டே பெண்களைப் பொறுப்புகளிலிருந்து ஒதுக்கினார். ஒதுக்கப்பட்டவர்களில் இரண்டு இளம்பெண்கள், தெசிரே வேரே, மாரி ரேன் கேந்தோர்ஃப், 1832 ஆகஸ்டில் தாங்களே ஒரு சிறிய பத்திரிகையைத் தொடங்கினார்கள். பெண்கள் மட்டுமே எழுதுகிற பத்திரிகை. எழுதியவர்கள் பெரும்பாலும் தையல் வேலை செய்தவர்கள். குடும்பப் பெயர் போடாமல் தங்கள் சொந்தப் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டார்கள். குடும்பப் பெயர் அப்பாவுடையது, இல்லாவிட்டால் கணவனுடையது, நமக்கென்று இருப்பது முதற்பெயர் ஒன்றுதான் என்பது அவர்கள் நியாயம். தெரோவன் அந்த வட்டத்தில் ஒருவர். பத்திரிகை பல பெயர்களுக்கு மாறி 1834 வரை ஓடியது.

1832இலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது. கணவர் பெயர் தெரோஷ், அதே குழுவைச் சேர்ந்தவர். தேவாலயத்துக்குப் போகாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இருவரும் சமம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அப்புறம் ஆசிரியைக்கான சான்றிதழ் வாங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தினார். அடுத்த பதினைந்து வருடம் அரசியல் மேடையில் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை. பள்ளிக்கூடம், பிள்ளைகள், வீடு என்று போன காலம். இதை வெற்றுக் காலம் என்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிற்பாடு அவர் எழுதியதில் குழந்தைகளும் படிப்பும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால், அந்தப் பள்ளியில் உட்கார்ந்துதான் அவர் தன் அரசியலை யோசித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

*

1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. அரசர் லூயி பிலிப் ஓடிப்போனார், குடியரசு வந்தது. மார்ச் 5ஆம் தேதி, 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்குரிமை என்று அறிவித்தார்கள். எல்லாரும் என்றால் எல்லா ஆண்களும். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 20ஆம் தேதி, யூழெனி நிபுவாயே என்பவர் பெண்களுக்காக ஒரு நாளிதழைத் தொடங்கினார். தெரோவன் அதில் எழுத ஆரம்பித்தார். பழைய தோழி தெசிரே வேரேவும், இப்போது திருமணமாகி தெசிரே கே என்ற பெயரில், அங்கே இருந்தார். வாக்குரிமை கேட்டார்கள், விவாகரத்து உரிமை கேட்டார்கள், வேலையில்லாத பெண்களுக்கு அரசு தையல்கூடம் திறக்க வேண்டும் என்றார்கள். ஏப்ரலில் அந்த இதழ், நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டை நாடாளுமன்ற வேட்பாளராக நிறுத்த வேண்டும் என்று எழுதியது. சாண்ட் அதைக் கடுமையாக மறுத்தார். இந்தப் பெண்களை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற தொனியில் பத்திரிகைகளுக்குக் கடிதம் அனுப்பினார். நாட்டிலேயே பெரிய பெயர் பெற்ற பெண் எழுத்தாளர் அப்படிச் சொன்னது அவர்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும்! சாண்டின் எழுத்தை மதிக்கிற எனக்கே அந்தக் கடிதத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

பெண்கள் நடத்திய கூட்டங்களுக்கு ஆண்கள் கும்பலாக வந்து கூச்சல் போட்டுக் கலைத்தார்கள். ஜூனில் தொழிலாளர் எழுச்சியை ராணுவம் ரத்தத்தில் முக்கி அடக்கியது. நாளிதழ் நின்றது. ஜூலை கடைசியில், பெண்கள் அரசியல் மன்றங்களில் சேரக்கூடாது, கூட்டத்துக்கு வரவும் கூடாது என்று தடையே போட்டார்கள்.

அந்த ஜூனில்தான் தெரோவனும் தெசிரே கேயும் ‘பெண்களின் அரசியல்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்கள். பெண்களுக்கு அரசியல் கூடாது என்ற பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியவில்லை. ‘பெண்களின் கருத்து’ என்று மாற்றி ஆகஸ்டில் ஓர் இதழ் கொண்டுவந்தார்கள். பத்திரிகை நடத்த அரசிடம் கட்டுத்தொகை கட்ட வேண்டும் என்ற சட்டம் வேறு திரும்ப வந்திருந்தது. ஏழைகளின் பத்திரிகைகளை ஒழிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கொஞ்ச காலம் நின்று, 1849 ஜனவரியில் மாத இதழாக மறுபடி வந்தது. இந்த முறை பொறுப்பு முழுவதும் தெரோவன் தலையில். எழுதுவது, மற்றவர்களிடம் எழுதி வாங்குவது, பணம் புரட்டுவது எல்லாம்.

*

1849 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல். ஏப்ரலில் தெரோவன், பாரிஸ் உள்ள சேன் மாவட்டத்தில் வேட்பாளராக நிற்கப்போவதாக அறிவித்தார். அவர் ஒட்டிய சுவரொட்டியில் இருந்த வாசகம் இது:

“முழுக்க முழுக்க ஆண்களே உள்ள ஒரு சட்டமன்றம், ஆண்களும் பெண்களும் சேர்ந்த சமுதாயத்துக்குச் சட்டம் இயற்றத் தகுதியில்லாதது. சலுகை பெற்றவர்களே உள்ள ஒரு சபை உழைப்பாளர்களின் நலன் பற்றி விவாதிக்கவும், முதலாளிகளே உள்ள ஒரு சபை நாட்டின் மானத்தைக் காக்கவும் எவ்வளவு தகுதியில்லாததோ அவ்வளவு.”

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் குறி. அவர் இதை வைத்தது சோஷலிஸ்ட் தோழர்கள் முன்னால். பணக்காரர்கள் மட்டும் கூடி உழைப்பவனுக்காகச் சட்டம் போட முடியாது என்று தினமும் மேடையில் முழங்கியவர்கள் அவர்கள். அவர்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயத்தையே எடுத்து, இங்கே மட்டும் ஏன் பொருந்தாது என்று கேட்டுவிட்டார். கருணை காட்டுங்கள் என்று கேட்கவே இல்லை.

கேட்டதோடு நிற்கவில்லை, தேர்தல் கூட்டங்களுக்கு நேரில் போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையேறிப் பேச அனுமதி கேட்க வேண்டும். சில இடங்களில் சிரிப்பும் கூச்சலும். சில இடங்களில் பேச விட்டார்கள். பேச விட்ட இடங்களில் மரியாதையாகக் கேட்டார்கள், கைகூடத் தட்டினார்கள். ஆனால் பெண் வேட்பாளர் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதவர், ஆகவே பட்டியலில் சேர்க்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். கேலிச்சித்திரக்காரர் தோமியே அந்த வசந்தத்தில் சோஷலிஸ்ட் பெண்களை வைத்துத் தொடர் படங்கள் போட்டார். வீட்டைக் கவனிக்காத மனைவி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிற கணவன், இப்படி. தோமியே பெரிய கலைஞர், ஏழைகளின் பக்கம் நின்றவர். அந்தப் படங்களில் அந்த தோமியேவைக் காணவில்லை.

எல்லாரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் புரூதோன். ‘சொத்து என்பது திருட்டு’ என்ற வாசகத்தால் ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கியவர், தொழிலாளர்களிடம் மிகுந்த செல்வாக்கு உள்ளவர். அரசியலில் ஆணும் பெண்ணும் சமம் என்பதைத் தர்க்கம் மட்டுமில்லை, மனித மனசாட்சியும் இயற்கையும்கூட ஏற்காது என்று தன் பத்திரிகையில் எழுதினார். ஆண் செவிலித்தாய் எப்படி இருக்க முடியாதோ அப்படித்தான் பெண் சட்டமன்ற உறுப்பினரும் என்பது அவர் வாதம். தெரோவன் திருப்பிக் கேட்டார்: சட்டம் இயற்றுவதற்கு உடம்பில் எந்த உறுப்பு வேண்டும் என்று காட்டுங்கள், காட்டினால் நான் தோற்றதாக ஒத்துக்கொள்கிறேன்.

அவருடைய எழுத்தில் எல்லாமே இப்படிப் பளிச்சென்று இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். நிறைய மதமொழி. தாய்மையின் புனிதம், பெண்ணின் அன்பு உலகத்தைக் காப்பாற்றும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக வரும். பெண் ஆணுக்குச் சமம், அதனால் உரிமை வேண்டும் என்பார். அடுத்த பத்தியிலேயே, பெண் ஆணிலிருந்து வேறுபட்டவள், தாயாக இருப்பவள், அதனாலும் உரிமை வேண்டும் என்பார். இது முரண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அவருடைய எதிராளிகளின் முரணாகத்தான் தெரிகிறது. நீ வேறு மாதிரிப் பிறவி, அதனால் உள்ளே வராதே என்று வாசலில் நிறுத்தியவர்கள் அவர்கள். வேறு மாதிரி என்றால் என் சார்பில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று இவர் கேட்கிறார். ஒரே மாதிரி என்றால் வழியை விடுங்கள் என்கிறார். இரண்டையும் அவர்கள்தான் பேச வைத்தார்கள்.

*

தேர்தல் முடிந்த கையோடு தெரோவன் இறங்கிய வேலைதான் அவரைச் சிறைக்குக் கொண்டுபோனது.

1848க்குப் பிறகு பாரிஸில் தொழிலாளர்கள் சொந்தமாகச் சங்கம் அமைத்துத் தொழில் நடத்த ஆரம்பித்திருந்தார்கள். தையல்காரர்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். முதலாளி கிடையாது, லாபம் உழைப்பவர்களுக்கே. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திண்டாடியது. மூலப்பொருள் வாங்கக் கையில் பணம் இருக்காது, வங்கி கடன் கொடுக்காது, செய்த பொருளை வாங்க ஆள் கிடைக்காது.

தெரோவன் போட்ட கணக்கு எளிமையானது. செருப்புத் தைப்பவருக்குச் சட்டை வேண்டும், சட்டை தைப்பவருக்குச் செருப்பு வேண்டும். இரண்டு சங்கமும் கையில் காசு இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாச் சங்கங்களும் ஓர் ஒன்றியத்தில் சேரட்டும். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு மையக்குழு அமைக்கட்டும். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று அந்தக் குழு பார்க்கட்டும். குழு தருகிற சீட்டுகளை வைத்துச் சங்கங்கள் ஒன்றிடம் ஒன்று பொருளை வாங்கிக்கொள்ளட்டும். வட்டியில்லாக் கடனாகக் கருவிகளும் மூலப்பொருளும் கிடைக்கட்டும். குழந்தைகளின் படிப்பு, நோயாளிகள், முதியவர்கள் எல்லாம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஒரு துளி ரத்தம் சிந்தாமல், யார் சொத்தையும் பிடுங்காமல் சமுதாயத்தை மாற்றுகிற வழி இது என்று அவர் நம்பினார். 1844இல் எல்லாத் தொழிலாளர்களும் ஒன்றுசேர வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன ஃப்ளோரா திரிஸ்தானின் கனவு இதில் தெரிகிறது. ஆனால் அதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தவர் தெரோவன்.

1849 ஆகஸ்டில் ‘பெண்களின் கருத்து’ இதழில் திட்டம் வெளிவந்தது. அதுவே அந்தப் பத்திரிகையின் கடைசி இதழாகவும் ஆனது. கட்டுத்தொகை கட்டப் பணம் இல்லை. ஆனால் திட்டம் பிழைத்துக்கொண்டது. சங்கம் சங்கமாக ஏறி இறங்கிப் பேசினார். அக்டோபரில் 104 சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி அதை ஏற்றுக்கொண்டார்கள். படிப்பறிவைத் தானே தேடிக்கொண்ட ஒரு தையல்காரி எழுதிய திட்டத்தை 104 சங்கங்கள் ஏற்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. சில மாதம் முன்னால் அதே ஆண்களில் பலர் அவர் வேட்பாளராகக்கூட நிற்கத் தகுதியில்லை என்றவர்கள்.

இதே காலத்தில் பொலீன் ரோலான் என்ற ஆசிரியையும் குஸ்தாவ் லெஃப்ரான்சே என்ற ஆசிரியரும் சோஷலிஸ்ட் ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தெரோவனும் அதில் இருந்தார். குழந்தை பிறந்ததிலிருந்து 18 வயது வரை எப்படிப் படிக்க வேண்டும், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே படிப்பு, கைத்தொழிலும் ஏட்டுக்கல்வியும் சேர்ந்தே என்று ஒரு பாடத்திட்டம் வெளியிட்டார்கள். ரோலானும் பத்திரிகையாளர்தான். 1848இல் தான் அப்போது வாழ்ந்த பூசாக் என்ற ஊரில் வாக்களிக்கப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர். தெரோவனுக்கு அவர் நெருங்கிய தோழி ஆனார்.

1850 மே 29. மையக்குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே புகுந்தது. இருந்தவர்களை எல்லாம் பிடித்தார்கள், கணக்குகளையும் கடிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நவம்பர் வரை காவலில் வைத்துத்தான் வழக்கை எடுத்தார்கள். செருப்புக்குச் சட்டை மாற்றிக்கொள்கிற திட்டம் ராஜத்துரோகமாகிவிட்டது.

இப்போது அந்த மௌனத்துக்கு வருகிறேன்.

திட்டத்தை எழுதியது நான் என்று சொன்னால் தெரோவனுக்கு என்ன லாபம்? தண்டனை கூடியிருக்கும், அவ்வளவுதான். அதனால் அவர் மறைத்தது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. வேறு எல்லாக் கேள்விக்கும் தலைநிமிர்ந்து பதில் சொன்னவர் இதற்கு மட்டும் பயந்தார் என்பதும் பொருந்தாது. பெண்ணுரிமை என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் தொழிலாளர் சங்கங்களையே ஊர் சிரித்துத் தள்ளிவிடும் என்று தோழர்கள் சொன்னபோது, அந்தச் சிரிப்பு எவ்வளவு பலமானது என்று எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும். ஒரு வருடம் முழுவதும் மேடை மேடையாக அதைக் கேட்டவர். நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்களின் பிழைப்பா, தன் பெயரா என்று வந்தபோது பெயரை விட்டார்.

இதைத் தியாகம் என்று புகழ்ந்து கடந்துபோக எனக்கு விருப்பம் இல்லை. அவர் செய்தது பெரிய மனது. ஆனால் கேட்டவர்கள் செய்தது தப்பு. திட்டத்தை வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதவர்கள், அதை எழுதியவளின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். அந்தப் பெயரை மறைத்ததால் வழக்கில் பெரிதாக ஏதாவது மிச்சமானதா என்றால், அதுவும் இல்லை. தண்டனை வந்தது, ஒன்றியம் கலைந்தது. தெரோவனுக்கும் ரோலானுக்கும் ஆறு மாதச் சிறை.

*

இருவரையும் அடைத்தது பாரிஸின் சேன் லசார் பெண்கள் சிறையில். அங்கிருந்தபடி 1851 ஜூன் 15ஆம் தேதி இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். அமெரிக்கப் பெண்களின் உரிமை மாநாட்டுக்கு எழுதிய கடிதம். உங்கள் துணிச்சலான அறிவிப்பு எங்கள் சிறை வரைக்கும் எதிரொலித்து, சொல்ல முடியாத மகிழ்ச்சியால் எங்களை நிறைத்தது என்று தொடங்குகிறார்கள். பிரான்ஸில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பெயரால் எழுதிய அரசியல் சட்டத்தில் பெண்ணின் உரிமை பற்றி ஒரு வார்த்தை இல்லை என்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் கடிதத்தின் உயிர். வாக்குரிமை கேட்கிற அமெரிக்கச் சகோதரிகளிடம், ஆண் பெண் இரு பாலாரும் அடங்கிய உழைக்கும் வர்க்கத்தின் ஒற்றுமையால்தான், உழைப்பைச் சங்கமாக அமைத்துக்கொள்வதால்தான், பெண்ணின் குடியுரிமைச் சமத்துவமும் அரசியல் சமத்துவமும் முழுமையாக, அமைதியாகக் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். எந்தத் திட்டத்துக்காகச் சிறையில் இருக்கிறார்களோ அதே திட்டம். நீதிமன்றத்தில் சொல்ல விடாததைச் சிறையிலிருந்து கடல் தாண்டிச் சொன்னார்கள், கீழே இரண்டு பெண்களின் கையெழுத்தோடு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வாக்குரிமைக்காகச் சங்கம் அமைத்த பெண்களுக்கும் எழுதினார்கள்.

அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் நடந்த மாநாட்டில் கடிதம் வாசிக்கப்பட்டது. அதற்குள் இருவரும் விடுதலையாகியிருந்தார்கள். ஆனால் அந்த டிசம்பர் 2ஆம் தேதி, குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் ராணுவத்தை வைத்து ஆட்சியைப் பிடித்தார். ரோலானை மறுபடி கைது செய்து அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே உடம்பு கெட்டு, விடுதலையாகிப் பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பி வருகிற வழியில் 1852 டிசம்பரில் லியோன் நகரில் இறந்துபோனார். விக்டர் ஹியூகோ அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். தெரோவன் அந்த ஆகஸ்டிலேயே தப்பி லண்டனுக்குப் போயிருந்தார், பிள்ளைகளோடு. கணவரால் கடைசி வரை வந்து சேர முடியவில்லை. பிரான்ஸிலேயே இறந்தார்.

*

லண்டன் வாழ்க்கை நாற்பது வருடத்துக்கும் மேல். அவர் வாழ்வில் பாதி என்றே சொல்லலாம். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

பிழைப்புக்குத் தையலும் பூவேலையும் செய்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார். பாரிஸில் இருந்தபோதே 1852க்கென்று பெண்களுக்கான ஆண்டுமலர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். லண்டனில் வறுமையிலும் அதை விடவில்லை. 1853க்கான மலர் பிரெஞ்சும் ஆங்கிலமுமாக, இரண்டு மொழியில் வந்தது. 1854க்கும் ஒன்று வந்தது. அதோடு நின்றது. பிறகு, நாடு கடந்து வந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகச் சிறிய பள்ளி ஒன்று ஆரம்பித்தார். கட்டணத்தை மிகக் குறைவாக வைத்தார், கட்ட முடியாதவர்களையும் சேர்த்துக்கொண்டார். அதனால் பள்ளி தாக்குப்பிடிக்கவில்லை. எந்தக் கணக்கு வாத்தியாரும் இது நடக்காது என்று சொல்லிவிடுவார், தெரோவனுக்கும் தெரிந்திருக்கும். சேர்க்க மறுத்திருந்தால் அவர் தெரோவன் இல்லை.

பிரான்ஸ் பழைய அரசியல் வழக்குகளுக்குப் பொது மன்னிப்பு கொடுத்த பிறகும் அவர் லண்டனிலேயே இருந்தார். இதற்கிடையில் பிரான்ஸில் புதிய தலைமுறைப் பெண்கள் வாக்குரிமைக்காகக் கிளம்பியிருந்தார்கள். அவர்களில் முன்னணியில் இருந்த உபெர்தீன் ஒக்லேர், லண்டனில் இருந்த இந்த மூதாட்டியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பெண்கள் தங்கள் அமைப்புகளைத் தாங்களே நடத்த வேண்டும் என்று தெரோவன் விடாமல் சொன்னார். எண்பது வயதுக்கு மேல், வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் நடத்திய ஆங்கில சோஷலிஸ்ட் இயக்கத்தோடு சேர்ந்துகொண்டார். 1894 ஏப்ரல் 2ஆம் தேதி இறந்தார். அடக்கத்தின்போது பேசியவர் கவிஞரும் கலைஞருமான மாரிஸ்தான்.

அந்த முதுமையில் எழுதியவற்றில்தான் நீதிமன்ற விஷயத்தையும் அவர் எழுதிவைத்தார். சங்கங்களின் ஒன்றியம் என்னுடைய யோசனை, அதைச் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள், பெண்களுக்கு எதிரான எண்ணம் அந்தச் சங்கங்களிலும் அவ்வளவு பலமாக இருந்தது என்று எழுதினார். அதில் கோபம் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், தான் ஏன் ஒத்துக்கொண்டோம் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் அதை எழுதாமல் போயிருந்தால் அந்தத் திட்டம் யாரோ சில தோழர்களின் கூட்டு யோசனை என்றே வரலாற்றில் நின்றிருக்கும். 104 சங்கங்கள் கையெழுத்திட்ட திட்டத்துக்கு இன்று நாம் அவர் பெயரைச் சொல்ல முடிவதற்கு, வயதான காலத்தில் அவரே பேனாவை எடுத்ததும் ஒரு முக்கியமான காரணம்.